வற்றம், காலை ஆறு ஐந்து

முதல் ரயிலுக்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தது.
டாக்சிக்காரர் நம் ரப்பர் காலணிகளைப் பார்த்து
மீன்பிடிக்கவா என்றார்.
விடுவிக்க, என்றாய் நீ.
அவருக்குப் புரியவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

கிராஞ்சிச் சேறு முழங்கால்வரை வாங்கிக்கொள்கிறது.
எதிர்க்கரையில் ஜொகூரின் விளக்குகள்,
கடற்பாலத்தில் லாரிகளின் வரிசை.
இங்கே, எவரோ வீசி எவரோ மறந்த வலை
அலையாத்தி வேர்களைச் சுற்றி நூறடி நீளம்,
தன்பாட்டுக்கு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் லாட நண்டு பெண். ஓடு பன்னிரண்டு சென்டிமீட்டர்.
வால்முள்ளில் ஒன்பது சுற்று நைலான்.
கவிழ்த்துப் பிடித்தால் பத்துக் காலும் காற்றில் நடக்கிறது,
எங்கே போவதாக நினைக்கிறதோ.

போன வருடம் இதே மாதம் அறுபத்தொன்று.
இன்று, உயிரோடு, பத்தொன்பது.
சாலைக்கு அப்பால் காடு இருந்த இடத்தில்
காடு வரைந்த தகரவேலி.
மூங்கில்கூட வரைந்திருக்கிறார்கள், இருவாச்சி ஒன்றும்.
வரைந்த கிளையில் உட்காரப் பார்த்து
ஒரு மைனா வழுக்கி விழுந்ததைப் போன வாரம் கண்டோம்.
சிரிக்கலாமா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உன் கைபேசி நெகிழிப் பையில், கழுத்தில்.
சகாய்ங்கில் உன் தம்பி
குன்றேறினால்தான் சிக்னல்.
குன்றேறினால் விமானத்துக்கும் தெரிவான்.
செவ்வாயன்று நீ அனுப்பிய 'சாப்பிட்டாயா'
இன்னும் ஒற்றை டிக்.

நேற்றிரவு உட்லண்ட்ஸ் கோப்பிக்கடைத் தொலைக்காட்சியில்
வேறொரு நாடு, வேறொரு ஆஸ்பத்திரி.
பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வந்த நர்ஸ் நீ,
சொன்னது இவ்வளவுதான்:
அந்த ட்ரிப் பாட்டிலை யாராவது
கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடிக்கக் கூடாதா.

முன்பொருமுறை நான் சொன்னேன், எல்லாம் சரியாகிவிடும்.
யார் சொன்னது, என்று கேட்டாய்,
கோபமில்லாமல்,
மருந்துச் சீட்டில் இது யார் கையெழுத்து என்று கேட்பதுபோல்.
அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் எடுப்பதில்லை.
நமக்குள் இருப்பது ஓர் ஏற்பாடு:
இந்த வாரம் உடைந்தவர் எவரோ அவர் டார்ச்.
மற்றவர் கத்தரிக்கோல்.
வெளிச்சம் நடுங்கலாம், தப்பில்லை.
மே மாதம் முழுக்க நீ டார்ச்.
தகரவேலி எழுந்த வாரம் நான்.
இருவரும் உடைந்த சனிக்கிழமை ஒன்றும் வந்தது.
டார்ச்சைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு
இரண்டு கத்தரிக்கோல்களோடு குனிந்தோம்.

திரி, உன் பெயர் எங்கள் மொழியில்
விளக்கில் எரிவது என்றேன் ஒருநாள்.
அலைந்து திரி என்றாலும் அதே சொல்தான் என்றேன்.
இரண்டாவதே பொருத்தம் என்று
எஸ் பாஸ் அட்டையைத் தட்டிக் காட்டிச் சிரித்தாய்.
நீ கற்ற ஒரே தமிழ்ச்சொல் பரவாயில்லை.
அதையும் தப்பான இடத்தில்தான் சொல்வாய்:
வலையில் காய்ந்துபோன குஞ்சை உள்ளங்கையில் வைத்து,
அதனிடம்.
நான் திருத்துவதில்லை.

பத்தொன்பதாவது நண்டு, விட்டதும்
கடலை விட்டுவிட்டு வலைப்பக்கமே போகிறது.
அட மடையா, என்கிறேன்.
நீ பர்மிய மொழியில் அதைவிட மோசமாய் ஏதோ.
திருப்பி விடுகிறோம். மறுபடியும் அங்கேயே.
மூன்றாம் முறை
தண்ணீரே வந்து தூக்கிக்கொண்டு போயிற்று.

வலை இன்னும் முப்பதடி பாக்கி. நீர் ஏறிவிட்டது.
வெட்டிய மட்டும் கோணியில் கட்டினோம்,
ஈரத்தோடு ஓர் ஆள் கனம்.
ஆளுக்கொரு முனை.

பேருந்து நிறுத்தத்தில் ஆறிப்போன கோப்பி.
உன் கழுத்துப் பை அதிர்கிறது.
உடனே இருவருமே பார்க்கவில்லை.
பிறகு பார்த்தாய். வங்கிக் கடன் விளம்பரம்.

அதே கையோடு அலை அட்டவணையைத் திறந்தாய்.
அடுத்த சனி வற்றம் போதாது.
அதற்கடுத்த சனி ஆறு இருபது, நல்ல வற்றம்,
இரவு ஷிப்டை மாற்றிக் கேட்கிறேன்,
எழுது, என்றாய்.

சேறு அடைத்த பேனா முதலில் வரவில்லை.
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்து, ஊதி,
மறுபடி கிறுக்கி,
எழுதினேன்.